மயில் உள்ளானும் கழிவுநீர்க் குழாயும்

பறவைகளைப் படம் பிடிக்கிறவர்களில் பல வகை உண்டு. மரத்தடியில் அசையாமல் நின்று நின்று கால் மரத்துப் போகிறவர் ஒரு வகை. பறவையைவிடத் தம்முடைய தொப்பியையே அதிகம் கவனிக்கிறவர் இன்னொரு வகை. இவர்களால் உலகத்துக்குப் பெரிய தொல்லை ஏதும் இல்லை. இங்கே சொல்லப் போவது மூன்றாவது வகையைப் பற்றி. அவருக்குத் துலக்கர் என்று பெயர் வைப்போம். அடுப்பங்கரையில் பாத்திரம் துலக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை விழும்வரை துலக்குகிறவர்களையும் பார்த்திருக்கக்கூடும். இவர் படத்தைத் துலக்குகிறவர்.

துலக்கரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நீங்கள் எடுத்த படம் ஒன்றை அவரிடம் நீட்டுங்கள். சாதாரண மனிதராக இருந்தால் "அட, மீன்கொத்தியா, எங்க பாத்தீங்க?" என்று கேட்பார். துலக்கர் கேட்க மாட்டார். இரண்டு விரலைத் திரையில் வைத்து விரிப்பார். பறவை போய்த் தலையாகும், தலை போய்க் கண்ணாகும், கண் போய்க் கட்டம் கட்டமாகும். அந்தக் கட்டங்களை மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, போனை உங்களிடமே திருப்பிக் கொடுத்து, தூரத்து உறவில் யாரோ தவறிப்போன செய்தியைச் சொல்கிற குரலில், "கண்ணு கொஞ்சம் சாஃப்ட்டா இருக்கு" என்பார். கூர்மை போதாதாம். அவ்வளவுதான். உங்கள் மீன்கொத்தியின் கதை அத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் அதை நீங்களே யாருக்கும் காட்ட மாட்டீர்கள்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத மாதிரி ஒருவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கிறார். குடியிருப்பில் அவரை 'க்ளியர் சார்' என்று சொன்னால்தான் தெரியும். வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. இடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்து, இது உண்மையான நசுங்கலா, பணத்துக்காகக் கணினியில் நசுக்கிய நசுங்கலா என்று சொல்வது அவர் பிழைப்பு. அதில் அவர் புலி. படத்தில் விரல் நகம் அளவுக்கு யாராவது கைவைத்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கார் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்து கெஞ்சினாலும், "மாத்தின படத்தை வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாதுங்க" என்று ஒரே வாக்கியத்தில் கதவைச் சாத்திவிடுவார். அலுவலகத்தில் இப்படி. வீட்டில் எப்படி என்பதுதான் கதை.

விடுமுறை நாளில் அவர் வீட்டுப் பால்கனியில் படப்பிடிப்பு நடக்கும். கேமராவைத் தாங்கும் முக்காலியின் நடுவில் மணல் மூட்டை தொங்கும். மின்விசிறி நிற்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி நிற்க வேண்டும்; அதன் நடுக்கம் தரைவழியாக வந்து முக்காலியில் ஏறி லென்ஸைப் பிடித்து ஆட்டுகிறதாம். ஷட்டரை அழுத்தும்போது அவர் மூச்சை அடக்குவார், அது நியாயம். காபியோடு பின்னால் வந்து நிற்கும் மனைவியும் மூச்சை அடக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? ஒரு தடவை படம் கலங்கலாக வந்ததற்குச் சமையலறைக் குக்கரின் ஆவிதான் காரணம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அன்று மதியம் வரை அந்த வீட்டில் உலை ஏறவில்லை. "பறவை பறந்து போயிடுச்சு, நான் இனிமே மூச்சு விடலாமா?" என்று அந்த அம்மாள் கேட்டபோது அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி, சாயங்காலம் கணினி முன்னால் உட்காரும்போது தொடங்கும். முதலில் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைத் துடைப்பார். அடுத்து, பறவையின் அலகுக்குக் குறுக்கே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், அதை எடுப்பார். குச்சியை எடுத்தால் அது உட்கார்ந்திருந்த கிளை துருத்திக்கொண்டு தெரியும், அதைப் பாதியாக்குவார். கிளை பாதியானதும் பின்னால் இருக்கும் இலைகள் கண்ணை உறுத்தும். அவற்றைக் குழைத்துப் பச்சைப் பட்டாக்குவார். வானம் வெளிறியிருந்தால் நீலம் ஏற்றுவார். கண்ணில் வெள்ளைப் பொட்டு ஒன்று இல்லாவிட்டால் தாமே ஒன்று வைப்பார். கடைசியில் அந்தப் பறவையை அதன் பெண்டாட்டியே பார்த்தாலும், யாரோ வெளியூர்க்காரர் என்று ஒதுங்கிப் போய்விடும். மனசாட்சி என்று ஒன்று குத்துமே என்றால், அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"இயற்கைக்கு டேஸ்ட் கிடையாது" என்பார்.

துலக்கி முடித்ததும் மூலப்படத்தை அழித்துவிடுவார். ஏன் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருமுறை கேட்டார். மேக்கப் போடும் அறைக்குள் விருந்தாளியைக் கூட்டிப்போவார்களா என்று க்ளியர் சார் திருப்பிக் கேட்டார். செயலாளருக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டதால் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

குடியிருப்புக்குப் பின்புறம் ஒரு குட்டை உண்டு. உள்ளதை உள்ளபடி சொன்னால் அது பெரிய அழகியல்ல. ஓரத்தில் நகராட்சி போட்ட கழிவுநீர்க் குழாய் ஒன்று, உடைந்த மூடியோடு வாயைப் பிளந்துகொண்டிருக்கும். நகராட்சியின் பேர் பாதி அழிந்த ஒரு குட்டைச் சுவர் இருக்கும். எவரோ எறிந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, மூன்று காலோடு சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஆனால் நடுவில் நாணல் உண்டு, மேட்டில் புல் உண்டு, பறவைகள் நாற்காலியைப் பற்றிக் குறையொன்றும் சொல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தன. க்ளியர் சார் எடுத்த குட்டைப் படம் ஒன்றைச் சங்கத்தின் நாட்காட்டியில் அச்சிட்டார்கள். முதல் மாடியில் குடியிருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல இடம் எங்கே இருக்கிறது, அங்கே வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார். அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழேதான் அந்த இடம் இருந்தது. க்ளியர் சார் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அப்போதாவது யாராவது விழித்துக்கொண்டிருக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சி அந்தக் குட்டையில் மண்ணைக் கொட்டி மூடிக் கார் நிறுத்துமிடம் கட்டப் போவதாகச் செய்தி வந்தது. க்ளியர் சார் பால்கனிக்குப் போய்க் குட்டையைப் பார்த்தபடி நின்றார். கேலி ஒருபுறம் இருக்கட்டும், அந்த மனிதருக்கு அந்தக் குட்டையை விட்டால் வேறு உலகம் கிடையாது. நாளெல்லாம் நசுங்கிய கார்களைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, அங்கேயும் கார்களே வந்து நிற்கப் போகின்றன என்றால் நெஞ்சு தாங்குமா? இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக அந்தக் குட்டையை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டே வேலை செய்துவந்த அவர் மனைவிக்கும் வேலை ஓடவில்லை. பாத்திரம் விழுகிற சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது.

செயலாளர் அங்கே இங்கே விசாரித்துவிட்டு ஓடி வந்தார். குட்டையில் அபூர்வப் பறவை இருந்தால் நகராட்சி யோசிக்குமாம். "ஏதாவது ஒண்ணு சிக்குமா சார்? நல்ல க்ளியரா ஒரே ஒரு படம் போதும்" என்றார்.

சிக்கியது. நாணலுக்குள் மயில் உள்ளான் ஒன்று இருந்தது. கூச்சம் பிடித்த பறவை. கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு தீட்டியதுபோல் வெளிர் வளையம். இந்த இனத்தில் ஒரு விசேஷம் உண்டு. பளபளவென்று உடுத்திக்கொண்டு திரிவது பெண். முட்டையிட்டுவிட்டு அது தன்பாட்டுக்குக் கிளம்பிவிடும். அடைகாப்பது, குஞ்சுகளை மேய்ப்பது எல்லாம் மங்கிய நிறத்து ஆண்தான். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் க்ளியர் சார் மனைவியிடம் சொன்னதுதான், இந்தப் பொழுதுபோக்கில் அவர் செய்த முதல் தவறு. அன்றிலிருந்து அந்த அம்மாளுக்குப் பறவைகள்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் அந்த ஆண்பறவை நாணலை விட்டு வெளியே வந்தது. பின்னாலேயே குஞ்சுகள், உருண்டை உருண்டையாக. வீட்டில் எல்லா மோட்டாரும் நின்றது. இரண்டு பேர் மூச்சும் நின்றது. க்ளியர் சார் அழுத்தினார். அன்று சாயங்காலம் பெரிதாக்கிப் பார்த்தால், ஆகா! இத்தனை காலம் தவம் கிடந்த கூர்மை. பறவையின் கண்ணுக்குள் எதிர்மாடிப் பால்கனிகூடத் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு துலக்க உட்கார்ந்தார்.

முதலில் நாற்காலி போயிற்று. பிறகு சுவர் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் முழுக் கழிவுநீர்க் குழாயை நாணலில் மறைத்தார். சேற்றுத் தண்ணீரை வைரத் தண்ணீராக்கினார். நிறத்தை ஏற்றிக்கொண்டே போனதில், பொறுப்பான அந்தத் தகப்பன் ஊர் சுற்றப் போன தாயைப்போல மினுங்கத் தொடங்கியது. எல்லாம் முடிந்து பார்த்தால், காலடியில் மட்டும் ஏதோ கலங்கலாக இருந்தது. குஞ்சுகள். ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றுகூடக் கூர்மையாக விழவில்லை. ஒன்றுக்கு முதுகுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட கண்ணுக்குக் கீழே இப்படிப்பட்ட கலங்கலா? கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அதற்கப்புறம் வழக்கப்படி மூலப்படத்தையும் அழித்தார்.

மனைவி தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"குஞ்சுங்க எங்கங்க?"

"அதெல்லாம் ஃபோகஸ்ல இல்ல."

"ஃபோகஸ்ல இல்லேன்னா பொறக்கவே இல்லையா?"

படத்துக்கு ஒரே நாயகன்தான் இருக்க வேண்டும், பார்க்கிறவன் கண் அங்கே இங்கே அலையக் கூடாது என்று அவர் விளக்கினார். அந்த அம்மாள் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, பாவம், பெற்றவள்தான் விட்டுவிட்டுப் போனாள், வளர்க்கிறவனிடமிருந்து நீங்கள் பிரித்துவிட்டீர்களா என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நகராட்சி அலுவலகத்தில் கூட்டம். நீளமான மேசை, அதன்மேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்த டீக் கிளாஸ்கள், சாத்த முடியாத ஒரு ஜன்னல். குடியிருப்பிலிருந்து செயலாளர், க்ளியர் சார், அவர் மனைவி, இன்னும் சிலர். எதிரே பொறியாளர் அம்மையார். அடிமட்ட வேலையிலிருந்து படிப்படியாக மேலே வந்தவர் மாதிரி, எதையும் இரண்டு தடவை பார்க்கிற கண். திங்கட்கிழமை மண் லாரிகள் வருவதாக ஏற்கெனவே உத்தரவு ஆகிவிட்டது. அதை நிறுத்த வேண்டுமென்றால் இன்றுதான். க்ளியர் சார் சட்டமிட்டுக் கொண்டுவந்திருந்த பெரிய படத்தை உறையிலிருந்து உருவி மேசையில் வைத்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவர் வாழ்நாளில் அவ்வளவு உயரமாக ஒருபோதும் நின்றதில்லை.

பொறியாளர் படத்தை அருகில் இழுத்துப் பார்த்தார். தள்ளி வைத்தும் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சார். இது எந்த ஊரு?"

"நம்ம குட்டைதான் மேடம்."

"அங்க எங்க குழாய் ஒண்ணு இருக்குமே. நானே வெயில்ல நின்னு போட்ட குழாய்."

"அத எடுத்துட்டேன் மேடம்."

"சுவரு?"

க்ளியர் சார் தலையை மட்டும் ஆட்டினார். பொறியாளர் பொறுமையாகவே விளக்கினார். பறவை எங்கே வேண்டுமானாலும் வந்து உட்காரும். அதற்காக வேலையை நிறுத்த முடியாது. அங்கேயே குஞ்சு பொரித்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும்தான் நிறுத்தி வைக்க விதி இருக்கிறது. குஞ்சு ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

"குஞ்சுங்க இருந்துச்சு மேடம்."

"படத்துல இல்லியே."

"அதையும் நான்தான்..." என்று ஆரம்பித்தவர் படத்தின் சட்டத்தைத் தேய்க்கத் தொடங்கினார். மூலப்படம் இருக்கிறதா என்று செயலாளர் அவர் காதில் கிசுகிசுத்தார். இவர் கையை விரித்தார். மேக்கப் அறையைப் பற்றிய தத்துவம் செயலாளருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நாற்காலியிலேயே சரிந்தார்.

பொறியாளர் படத்தை மெல்லத் திருப்பி இவர் பக்கம் தள்ளினார். "மாத்தின படத்தை வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாதுங்க" என்றார்.

எத்தனை கார் சொந்தக்காரர்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள்! கேட்கும்போது எங்கே வலிக்கும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. காது மடல் சுட்டது. திங்கட்கிழமை லாரி வந்து நிற்பதும், நாணலுக்குள் அந்தத் தகப்பன் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு பதுங்குவதும் கண்ணுக்குள் வந்தது. அதில் ஒரு குஞ்சும் கலங்கலாகத் தெரியவில்லை. முதுகு காட்டிய குஞ்சுகூட நன்றாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் தம் கையாலேயே அழித்திருந்தார்.

அப்போது அவர் மனைவி பின்வரிசையிலிருந்து எழுந்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்தார்; கொடுப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார்; பிறகு மேசைக்கு வந்து நீட்டினார்.

"இதுல குழாய் இருக்கு மேடம்."

எப்படிப்பட்ட படம் என்கிறீர்கள்? வேறொரு நாள் சமையலறை ஜன்னல் வழியாக எடுத்தது. பாதிப் படத்தை ஜன்னல் கம்பிதான் அடைத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் சோப்பு டப்பா. வானம் வெளுத்துப்போய் ஒன்றுமே இல்லை. படம் முழுக்கச் சாய்ந்திருந்தது, குட்டைத் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்துவிடும் போல. ஆனால் குழாய் இருந்தது, உடைந்த மூடியோடு. சுவர் இருந்தது, பாதிப் பேரோடு. மூன்று கால் நாற்காலி இருந்தது. நாற்காலிக்கு முன்னால் பழுப்பாக ஒரு தீற்றல் நடந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் சின்னச் சின்னத் தீற்றல்கள். பொறியாளர் இரண்டு விரலை வைத்து விரித்தார். க்ளியர் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எங்க குழாய்தான்" என்றார் பொறியாளர். பக்கத்திலிருந்த உதவியாளரிடம் திரும்பி, அந்த மூடியை மாற்றச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று ஒரு பிடி பிடித்தார். பிறகு போனை மறுபடி பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அது க்ளியர் சார் மனைவி தம் தங்கைக்கு அனுப்பிய படம். கீழே அந்த அம்மாள் எழுதியிருந்ததைப் பொறியாளர் வாய்விட்டே படித்தார்.

"'பாருடி, இந்த அப்பா குழந்தைங்கள மேய்க்கிறாரு. எங்க வீட்டு அப்பா லென்ஸ் துடைக்கிறாரு.'"

அந்த அறையில் டீக் கிளாஸ்கூடச் சிரித்திருக்கும். சிரிப்பு அடங்கியதும் பொறியாளர் பேனாவை எடுத்தார். குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு லாரியும் வராது, அதற்குள் குட்டையை அப்படியே விடுவது பற்றி மேலே எழுதுகிறேன் என்றார். ஆதாரத்துக்கு அந்தப் படத்தைக் கோப்பில் வைத்தார்கள். கம்பி, சோப்பு டப்பா, எல்லாவற்றோடும்.

திரும்பி வரும்போது க்ளியர் சார் சட்டமிட்ட படத்தை முகம் தம் பக்கம் இருக்கும்படி அணைத்துக்கொண்டு நடந்தார். தெருமுனையில் மெதுவாகச் சொன்னார்: "நீ இல்லேன்னா போயிருக்கும்." இருபது வருடத்துக்கு மேலான குடித்தனத்தில் அந்த அம்மாளுக்குக் கிடைத்த பெரிய விருது அது. மனம் குளிர்ந்து போயிற்று. இன்னும் நாலடி நடந்தார்கள்.

"அந்தப் படத்த எனக்கு அனுப்பேன்" என்றார் அவர்.

"எதுக்குங்க?"

"ஒண்ணும் பெரிசா இல்ல. அந்த ஜன்னல் கம்பிய மட்டும்..."

அந்த அம்மாள் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். வீடு வந்து சேரும்வரை அந்தப் பையைத் தோள் மாற்றவில்லை.

துலக்கரைப் பற்றிச் சிரித்தாயிற்று. இனி உங்களிடம் ஒரு வார்த்தை. குடும்பத்தோடு எடுத்த படத்தில் கண்ணை மூடியிருந்த மைத்துனரை ஓரமாக வெட்டிவிட்டு மாட்டியவர் யார்? தம் முகத்துச் சுருக்கத்தை விரலால் தேய்த்து எடுத்துவிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியவர் யார்? போகட்டும், இது உங்கள் சொந்த விஷயம். ஒன்று மட்டும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இதைப் படித்து வருகையில், அந்த மூன்று கால் நாற்காலி எதற்குத் திரும்பத் திரும்ப வருகிறது, கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லையே, அதை எடுத்துவிட்டிருந்தால் இன்னும் க்ளியராக இருந்திருக்குமே என்று உங்களுக்கு எங்காவது தோன்றியதா? தோன்றியிருந்தால் சத்தம் போடாமல் எழுந்து போய், உங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இப்போது யார் போனோடு நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.